இருப்பறிந்து எடுத்தல்

‘மனை’ என்ற சொல்லுக்கு நம் அகராதிகள் வீடு என்றும், வீடு அமையும் நிலம் என்றும், இல்லாள் என்றும் பொருள் கூறுகின்றன. வாழும் இடத்தையும், அது நிற்கும் மண்ணையும், உடன் வாழும் துணையையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் ‘ஹோம்ஸ்டெட்’ என்றொரு சொல் உண்டு. வீடு, அதைச் சூழ்ந்த விளைநிலம், தொழுவம், கோழிக்கூடு, கிணறு எல்லாம் சேர்ந்த முழுமையை அது குறிக்கிறது. மொழிபெயர்ப்பின்போது இச்சொல் எதிர்ப்படும் போதெல்லாம் ‘பண்ணைவீடு’ என்று எழுதிவிட்டு, மனநிறைவின்றியே அடுத்த வரிக்குச் சென்றிருக்கிறேன். பண்ணை என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது பெருநிலக்கிழாரின் பரப்பு. இதுவோ ஒரு குடும்பம் தன் கைகளால் பேணும் சிறு உலகம். ‘மனை’ என்பதே இதற்குப் பொருத்தமான சொல் என்று இப்போது கருதுகிறேன்.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்கலாம். ஆங்கிலத்தில் கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’ என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. வீட்டில் நிலைத்து வாழ்பவன் என்பதே அதன் முதற்பொருள். அதே சொல் வினைச்சொல்லாக வரும்போது, இருப்பதைச் சிக்கனமாகப் பேணிப் பயன்படுத்துதல் என்று பொருள்படும். கணவனாக இருத்தலும் இருப்பறிந்து செலவிடுதலும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை இன்று அம்மொழியைப் பேசுவோரில் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்களோ!

இல்லறத்தைப் பற்றிய நம் சிந்தனைகள் பெரும்பாலும் கொடுத்தலைச் சுற்றியே அமைகின்றன. விருந்தினர்க்கு, வறியவர்க்கு, முன்னோர்க்கு, பிற உயிர்களுக்கு எனக் கொடுக்க வேண்டியவற்றை அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அதற்கு முந்தைய படியாகிய எடுத்தலைப் பற்றி நாம் குறைவாகவே சிந்திக்கிறோம். ஒரு குடும்பம் உலகத்திலிருந்து எடுத்துக்கொள்வதன் அளவை எவ்வாறு அறிகிறது? அறிந்தபின் அந்த அளவுக்குள் தங்களுக்குள்ளே எவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறது? இவ்வினாக்களை ஆராய ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு, 1920களிலும் 1930களிலும் வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் வாழ்ந்த குடும்பங்களின் வாழ்க்கை. அவ்வளவு தொலைவு செல்வானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். தன் விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்து, தன் சில்லறைச் செலவுகளுக்கான வருவாயைக் கோழிக்கூட்டிலிருந்து பெற்ற குடும்பங்கள் அங்கே பெருமளவில் இருந்தன. எடுப்பது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது அவர்கள் கண்ணெதிரே இருந்தது. தனிப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையை நான் இங்கே கூறவில்லை. அக்கால மனைகளில் பொதுவாக நிலவிய முறைகளையே எடுத்துக்கொள்கிறேன்.

சமவெளியில் ஒரு மனை

1862ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் அரசு நிலத்தில் குடியேறி, வீடு கட்டி, ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து பயிரிட்டால் அந்நிலம் அவர்களுக்கே உரியதாகும். அந்நிலங்களில் அதற்கு முன் வாழ்ந்த பழங்குடி மக்கள் எவ்வாறு அப்புறப்படுத்தப்பட்டனர் என்பது தனியே பேச வேண்டிய துயர வரலாறு. எடுத்தலைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதைக் குறிப்பிடாமல் மேலே செல்வது முறையாகாது.

டகோட்டா, மொன்டானா, நெப்ராஸ்கா பகுதிகளில் மரங்கள் அரிது, ஆறுகள் தொலைவு, அண்டை வீடு என்பதே ஒன்றிரண்டு மைல் தூரத்தில் இருக்கும். தடையின்றிக் கிடைத்தது காற்று ஒன்றுதான். கிணற்றுநீரை இறைக்க அதைத்தான் முதலில் பயன்படுத்தினர். 1854இல் டேனியல் ஹாலடே என்பவர் காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும் இறைப்புக் காற்றாலையை உருவாக்கினார். பல இதழ்கள் கொண்ட பெரிய பூவைப்போல் மெதுவாகச் சுழலும் அந்த ஆலைகள் பின்னர் சமவெளி எங்கும் பரவின. காற்றுக்கும் வீட்டுக்கும் உள்ள உறவு எல்லா மக்களுக்கும் பழையதே. நாம் பலகணியைக் ‘காலதர்’ என்று வழங்கினோம். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. ஆங்கிலத்தின் ‘விண்டோ’ என்ற சொல்லும் காற்றின் கண் என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்ததுதான். காற்றுக்கு வழிவிட்டுக் கட்டுவதே வீடு என்று இரு மொழியினரும் எண்ணியிருக்கிறார்கள்.

அடுத்து வந்தது மின்சாரம். 1930களின் நடுப்பகுதியில்கூட அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்கம்பி இணைப்பு இருந்தது. சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுப்பதில் மின்நிறுவனங்களுக்கு ஆதாயம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலேயே குழந்தைகள் படித்தனர். இந்நிலையில் கிழக்கு மொன்டானாவின் ஒரு கால்நடைப் பண்ணையில் வளர்ந்த மார்செலஸ் ஜேக்கப்ஸ், ஜோ ஜேக்கப்ஸ் என்ற சகோதரர்கள் 1920களில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முயன்றனர். நீர் இறைக்கும் பல இதழ் ஆலையின் வேகம் மின்னாக்கத்திற்குப் போதவில்லை. விமானம் ஓட்டக் கற்றிருந்த மார்செலஸ், விமானத்தின் சுழலியைப்போல் குறைந்த இதழ்களை விரைவாகச் சுழலச் செய்தால் என்ன என்று சிந்தித்தார். இரண்டு இதழ்கள் வைத்தால் காற்றுத் திசை மாறும்போது ஆலை அதிர்ந்தது. மூன்று வைத்தபோது அமைதியடைந்தது. அவர்கள் பின்னர் மினியாபொலிஸ் நகரில் தொழிற்சாலை அமைத்து இத்தகைய ஆலைகளை விற்றனர். வசதி குறைந்தவர்கள் வானொலியின் மின்கலத்திற்கு மட்டும் மின்னூட்டும் 6 வோல்ட் சிறு ஆலைகளை வாங்கினர். கொட்டகைக் கூரைமேல் ஒரு சிறு சுழலி, வீட்டுக்குள் ஒரு வானொலி. தொலைதூரத் தனிமை அதனால் ஓரளவு குறைந்தது.

காற்றின் கணக்கு

காற்றாலை வைத்த வீட்டில் வாழ்பவர் முதலில் அறிந்துகொள்ளும் உண்மை ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே காற்று சற்றே ஓய்ந்தாலும் வரவு பெரிதும் சுருங்கிவிடும். நேற்று வீடு முழுவதும் விளக்கெரிந்தது. இன்று அதே மரக்கிளைகள் அசையத்தான் செய்கின்றன. ஆயினும் மின்கலத்திற்குள் ஒன்றும் சேரவில்லை.

வரவு இப்படி ஏறி இறங்குவதால் சேமிப்பு இன்றியமையாதது. நடுத்தர மனைகளில் 32 வோல்ட் அமைப்பே பெருவழக்காக இருந்தது. இரண்டு வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் பதினாறைத் தொடராக இணைத்து நிலவறையில் வைத்திருப்பர். பல வீடுகளில் அவை கண்ணாடிச் சாடிகளில் இருந்தன. உள்ளிருக்கும் தகடுகளையும் திரவத்தையும் வெளியிலிருந்தே காணலாம். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி ஒன்று அருகில் இருக்கும். முழுமையாக மின்னேறிய கலத்தில் அது சுமார் 1.26 என்று காட்டும். மின்சாரம் செலவாகச் செலவாக அமிலம் தகடுகளுக்குள் இறங்க, திரவம் நீர்த்துப்போக, எண் குறையும். இதைப் படிக்க வீட்டுச் சிறுவர்களும் அறிந்திருந்தால் நல்லது. ஏனெனில் கலத்தில் உள்ளதையெல்லாம் எடுத்துவிடக் கூடாது. ஈய-அமிலக் கலத்தை அடிக்கடி அடிவரை வற்றவிட்டால் தகடுகளில் கெட்டியான உப்பு படிந்து, மீண்டும் மின்னேற்றும்போது அது கரையாது. பாதிக்கு மேல் எடுக்காமல் நிறுத்துபவருக்குக் கலம் பல்லாண்டுகள் உழைக்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 240 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 32 வோல்ட் கலவரிசை ஏறத்தாழ 7,700 வாட்-மணி மின்சாரத்தைத் தாங்கும். பாதியைத் தொடக் கூடாது என்றால் கையிலிருப்பது 3,800. நாற்பது வாட் விளக்கு ஒன்று நான்கு மணி நேரம் எரிந்தால் 160 செலவு. சமையலறை, கூடம், தொழுவம், கோழிக்கூடு என நான்கு விளக்குகள் எரிந்தால் நாளொன்றுக்கு 640. காற்றே இல்லாவிட்டாலும் ஆறு நாள் ஓடும். ஆனால் 500 வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால், கோழிக்கூட்டின் மூன்று நாள் வெளிச்சம் போயிற்று. ஆகவே காற்று பலமாக வீசும் நாளே துணி துவைக்கும் நாளும் இஸ்திரி நாளும் ஆகும். கிழமையைப் பார்த்து வேலை செய்யும் வழக்கம் மாறி, வானத்தைப் பார்த்து வேலை செய்யும் வழக்கம் வந்தது. நிறைந்த கலத்தில் மேலும் மின்னேற்ற முடியாது என்பதால், புயல்நாளில் சிக்கனமாக இருப்பதும் வீண்தான். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுப்பதும் கணக்கறிந்து வாழ்வதன் ஒரு பகுதியே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எல்லா நாளும் ஒரேயளவாகக் குறைத்துக்கொள்வதை நாம் சில சமயம் எளிமை என்று தவறாக எண்ணிவிடுகிறோம்.

இங்கே ஓர் இயற்பியல் உண்மையைக் குறிப்பிட வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் வெளியிட்ட ஆய்வு, எவ்வளவு திறமையாகச் செய்த காற்றாலையும் தன்மீது வரும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க இயலாது என்று நிறுவியது. காரணம் எளியது. ஆற்றல் முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று இதழ்களிலேயே நின்றுவிட வேண்டும். நின்ற காற்று வழியை அடைத்துக்கொள்ளும். பின்னால் வருவது ஆலையைச் சுற்றி விலகிப் போய்விடும். மிகுதியாகப் பெற விரும்பினால், வந்த காற்றை அதன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு போகவிட வேண்டும் என்கிறது அக்கணக்கு.

இயற்பியல் விதி ஒன்றைக் காட்டி, ‘பாருங்கள், நம் அறநெறியை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று எழுதும் வழக்கம் ஆன்மிக இதழ்களில் பெருகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றுக்கு அறம் தெரியாது. பெட்ஸின் சமன்பாடு யாரையும் நல்லவராக்காது. ஆயினும் அவ்விதிக்குக் கீழே நாள்தோறும் வாழும் குடும்பத்திற்கு ஒரு பழக்கம் ஏற்படுகிறது. போகவிடுவதும் பெறுவதன் ஒரு பகுதி என்பதை அவர்கள் கருத்தாக அல்லாமல் கைவேலையாக அறிகிறார்கள். நான் சொல்ல விரும்புவது அவ்வளவே.

கூட்டின் கணக்கு

அக்கால மனைகளின் ஆண்டு வருவாய் கோதுமையிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் வந்தது. அது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. வறட்சியிலும் விலைவீழ்ச்சியிலும் வராமலே போவதும் உண்டு. வாரந்தோறும் வந்தது முட்டைக் காசு. வீட்டுப் பெண்களே கோழிகளை வளர்த்தனர். வண்டியில் நகருக்குப் போகும்போது முட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து மளிகைப் பொருள்களை வாங்கி வந்தனர். ‘எக் மணி’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. ‘சிறுவாடு’ என்று நம் பாட்டிமார் அடுக்குப் பானைக்குள் சேர்த்தது இதுவேதான். குழந்தைகளுக்குச் செருப்பு, காகிதம், மருந்து ஆகியவற்றை வாங்கியது பெரும்பாலும் இக்காசுதான். 1930களின் வறட்சிக் காலத்தில் பல குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்ததும் இதுவே. கோழித் தீவனம் வந்த பருத்திச் சாக்குகளைக்கூட வீணாக்கவில்லை. 1920களின் நடுப்பகுதியிலிருந்து தீவன நிறுவனங்கள் பூவேலை அச்சிட்ட துணியில் சாக்குகளைச் செய்யத் தொடங்கின. தாய்மார் அவற்றைப் பிரித்துப் பெண்குழந்தைகளுக்குப் பாவாடையும் சட்டையும் தைத்தனர். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று சாக்கு கிடைத்தால்தான் ஓர் உடை முழுமை பெறும் என்பதால், தீவனம் வாங்கப் போகும் தந்தைக்குத் துணியின் மாதிரியும் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது!

1918 முதல் அந்நாட்டு அஞ்சல்துறை ஒருநாள் குஞ்சுகளை அஞ்சலில் ஏற்றுக்கொண்டது. துளையிட்ட அட்டைப் பெட்டியில் நூறு குஞ்சுகள், இரண்டு நாள் இரயில் பயணம், உணவில்லை, நீரில்லை. கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன் குஞ்சு எஞ்சிய மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு அதுவே உணவு. தாய்க்கோழி அடையில் அமர்ந்து, முதலில் பொரித்த குஞ்சு கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால் அமைந்த ஏற்பாடு அது. பிறக்கும்போதே கட்டுச்சோற்றுடன் வரும் உயிர் அது! அந்த ஏற்பாட்டைத்தான் மனிதர் அஞ்சல் வணிகத்திற்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

முட்டையின் கணக்கும் சற்று நுட்பமானது. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. ஓட்டிற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தீவனத்திலிருந்து எடுக்கும் கோழி, அது போதாதபோது தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொடுக்கிறது. நல்ல குடும்பத்தலைவி கிளிஞ்சல் தூளைக் கூட்டில் வைக்க மறவாள். அடுத்தது வெளிச்சம். கோழி முட்டையிடுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. நாளொன்றுக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் இருந்தால்தான் நன்கு முட்டையிடும். கண்ணால் காணும் ஒளி மட்டுமன்றி, மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குச் செல்லும் ஒளியும் கோழியின் உடலில் இச்செயலைத் தூண்டுகிறது. வடக்கு டகோட்டாவின் குளிர்காலத்தில் மிகக் குறுகிய பகல் ஒன்பது மணி நேரத்திற்கும் குறைவு. ஆகவே கோழிகள் இலையுதிர் காலத்தில் இறகுகளை உதிர்த்துவிட்டு, குளிர் முடியும்வரை ஓய்ந்துவிடும். எல்லோர் வீட்டிலும் ஓய்ந்துவிடுவதால் அப்போது முட்டைக்கு விலை அதிகம்.

காற்றாலையும் கோழிக்கூடும் சந்திக்கும் இடம் இதுவே. கூட்டில் ஒரு விளக்கை மாட்டி, விடியலுக்கு முன் சில மணி நேரம் எரியவிட்டால், கோழியின் உடல் அதை நீண்ட பகலாக ஏற்றுக்கொள்கிறது. குளிரிலும் முட்டை வருகிறது. விலையும் நல்ல விலை. கூட்டிற்கு மின்விளக்கு என்பது காற்றாலை வாங்க ஒரு சிறந்த காரணமாயிற்று.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை தொடங்கிய வெளிச்சத்தைத் திடீரென்று குறைத்தால், கோழி இலையுதிர் காலம் வந்துவிட்டதாக ‘அறிந்து’ முட்டையிடுவதை நிறுத்தி இறகுதிர்க்கத் தொடங்கிவிடும். கடுங்குளிரில் இறகிழந்த கோழிக்கு அது உயிராபத்து. ஆகவே காற்று ஓய்ந்து, மிதவைக்கருவியின் எண் குறைந்துகொண்டே வரும் ஒரு சனவரி வாரத்தை எண்ணிப் பாருங்கள். கலத்தில் எஞ்சியிருப்பது ஒன்றிரண்டு விளக்குகளுக்கே போதும். மகள் பாடம் படிக்க வேண்டும். தந்தை சந்தை நிலவரத்தையும் வானிலையையும் வானொலியில் கேட்க வேண்டும். பனிப்புயல் வருமானால் வீட்டிலிருந்து தொழுவம்வரை கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போய்வர வேண்டும். ஆகவே வானிலைச் செய்தி பொழுதுபோக்கன்று. கூட்டிலோ அறுபது கோழிகள். யாருடைய விளக்கை அணைப்பது?

முறையாகச் சிந்தித்தால் கடைசியில் அணைக்க வேண்டியது கூட்டு விளக்கே. மகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கு உண்டு. மூடிய போர்வைக்குள் குடும்பம் முன்னிரவிலேயே உறங்கிவிடலாம். கோழிக்கு வேறு வழியில்லை. அதன் உடலின் காலத்தை மாற்றியவர் நாம். ஓய்வெடுக்க வேண்டிய பருவத்தில் அதனிடமிருந்து எடுத்தோம். எடுக்கத் தொடங்கியதால் நமக்கு ஒரு கடமை உண்டாகிவிட்டது. நமக்கு வசதியில்லாத நாளில் அதிலிருந்து விலகிக்கொள்ள இயலாது. கடமை என்பது மேலிருந்து ஒருவர் விதிப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். இல்வாழ்வில் பல கடமைகள் இவ்வாறு நாம் எடுத்ததன் மறுபக்கமாகவே பிறக்கின்றன. தன் வீட்டை இருட்டில் வைத்துக்கொண்டு கூட்டில் விளக்கெரிய விடும் குடும்பத்தைக் காணும் வழிப்போக்கன் அதைப் பைத்தியக்காரத்தனம் என்பான்.

இதைப் படித்துவிட்டு, அக்குடும்பங்கள் கோழிகளை வழிபட்டன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முட்டையிடுவதை நிறுத்திய முதிய கோழி ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் போய்ச் சேர்ந்தது. சிறுவன் பெயர் வைத்து வளர்த்த கோழியும் அதற்கு விலக்கல்ல. அக்குழம்பின் முன் அமர்ந்து அவன் என்ன எண்ணினான் என்பதை நாம் கற்பனை செய்யலாம். புலால் மறுத்தவர்கள் இதை ஏற்கமாட்டோம். ஆனால் யாருடைய உயிர் தன் தட்டில் இருக்கிறது என்பதை அந்தச் சிறுவன் அறிந்தே உண்டான். கடையில் உறையிட்டு வாங்கும் இன்றைய குழந்தைக்கு அந்த அறிவும் கிடைப்பதில்லை.

அடுக்கு என்ற சொல்

1923இல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற ஊரில் சிசில் ஸ்டீல் என்ற குடும்பத்தலைவி, தன் முட்டைக் கூட்டிற்காக 50 குஞ்சுகளுக்கு எழுதிப் போட்டார். தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பாமல் ஒரு கொட்டகை கட்டி வளர்த்து, இறைச்சிக்காக விற்றார். நல்ல ஆதாயம் கிடைத்தது. 1926இல் அவர் 10,000 கோழிகளுக்கான கூடம் கட்டினார். இன்றைய இறைச்சிக்கோழித் தொழிலின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது அந்த அஞ்சல் பிழையைத்தான். அவர்மீது குறை காண்பதற்கில்லை. சிறுவாட்டைப் பெருக்கத் தெரிந்த திறமைசாலி அவர். ஆனால் அறுபதுக்கும் பத்தாயிரத்துக்கும் இடையே எங்கோ, கோழியைத் தனித்தனியே அறிவது நின்றுபோகிறது. எது அடைக்கு அமர்கிறது, எது தீவனம் எடுக்கவில்லை, எதன் முட்டை ஓடு மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் பிறகு சராசரிகளாகிவிடுகின்றன. 1930களில் அமெரிக்கக் கோழி ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக நூற்றிருபது முட்டை அளவில் இட்டது. இன்றைய முட்டையினங்கள் 300ஐ நெருங்குகின்றன. சுண்ணாம்பை எலும்பிலிருந்து கொடுக்கும் உயிர் அது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

முட்டைக்கோழிகளை வரிசை வரிசையாகக் கம்பிக்கூண்டுகளில் அடைத்து வளர்க்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘பேட்டரி’ முறை என்று பெயர். நிலவறையில் கண்ணாடிச் சாடிகளை வரிசையாக அடுக்கியதற்கும் அதே பெயர்தான். ஒரே வகைப் பொருளை அடுக்கி ஒன்றாக இயக்குவது என்பதே இரண்டிற்கும் பொது. உயிரை மின்கலமாக எண்ணிய நோக்கு அச்சொல்லில் பதிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 சனவரி முதல் பழைய வகைக் கூண்டுகளைத் தடைசெய்தது. நாமக்கல் முட்டையை உண்டு வளர்ந்த நமக்கும் இது அந்நியமான செய்தி அன்று. மின்கலத்தைப் பாதிக்குமேல் வற்றவிடக் கூடாது என்று அறிந்தவர்களே கோழியை முழுவதும் வற்றவிட்டார்கள் என்பதுதான் வியப்பு.

கம்பி வந்த பின்

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பெருஞ்சமவெளியில் எழுந்த புழுதிப்புயல் பகலை இரவாக்கியது. உழுது புல்வேரை அழித்த மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. விளக்கேற்றித் தந்த அதே காற்று! அடுத்த மாதம் 11ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கல் அமைப்பை ஆணையால் நிறுவினார். 1936இல் அதற்குச் சட்டம் வந்தது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தந்து கம்பி இழுக்க வழி செய்தனர். 1950களின் தொடக்கத்தில் பெரும்பாலான பண்ணைகளுக்கு இணைப்பு வந்துவிட்டது. காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜேக்கப்ஸ் சகோதரர்களின் தொழிற்சாலையும் 1950களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது.

இதை ஒரு வீழ்ச்சியாக எழுதுவது எளிது. நான் அவ்வாறு எழுதமாட்டேன். அதுவரை ஒவ்வொரு வாளி நீரையும் கையால் சுமந்தவர் பெண்கள். அடுப்பில் காய்ச்சிய இரும்புப் பெட்டியைக் கொண்டு கோடையிலும் துணி தேய்த்தவர் பெண்கள். கூட்டைக் கூட்டி, சாம்பல் பரப்பி, முட்டை துடைத்து, சிறுவாடு சேர்த்தவரும் அவர்களே. எளிய வாழ்வைப் புகழ்ந்து எழுதுவோர், அந்த எளிமையின் சுமையைத் தூக்கியவர் யார் என்று பார்ப்பது நல்லது. நீர் இறைக்கும் மின்பொறி வந்த நாளில் அத்தாய்மார் அடைந்த மகிழ்ச்சியைக் குறை கூற நாம் யார்?

ஆயினும் கம்பி வந்தபோது ஒன்று நின்றுபோயிற்று. சுவரிலுள்ள விசைக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மாத முடிவில் வரும் சீட்டு, செலவானதைக் கூறுமே தவிர இருப்பைக் கூறாது. இஸ்திரிக்கும் கூட்டு விளக்கிற்கும் மகளின் பாடத்திற்கும் இடையே பேசித் தீர்க்க வேண்டியது எதுவும் இல்லை. இரவுதோறும் குடும்பம் ஒன்றுகூடிச் சிந்தித்த ஒரு பொருள் அவ்வாறு மறைந்தது. கம்பியைத் திருப்பி அனுப்பாமலே அதை மீட்க முடியுமா என்பதுதான் இன்றைய இல்லறத்தார்க்குரிய வினா. நம் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில், நூற்றுக்கணக்கான ஆலைகள் சுழல்கின்றன. அவற்றின் கீழே வாழும் வீட்டாரும் விசையைத்தான் தட்டுகின்றனர்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அமெரிக்க இளைஞர் சிலர் மொன்டானா, டகோட்டாப் பகுதிகளில் சுற்றித் திரிந்து, கொட்டகைகளிலும் கோபுரங்களின் மேலும் துருவேறிக் கிடந்த பழைய ஜேக்கப்ஸ் ஆலைகளைத் தேடிப் பிடித்தனர். தாங்கிகளைச் சுத்தம் செய்து, இதழ்களைப் புதுப்பித்து ஏற்றியதும் அவை மீண்டும் சுழன்றன. அத்தகைய ஆலைகளின் கீழ்க் குடும்பமாக வாழ்ந்தவர்களின் மாலைப்பொழுது அக்காலத்தவருடையதிலிருந்து அதிகம் வேறுபட்டிருக்க இயலாது. ஒளி மங்கியதும் கோழிகள் யாரும் அழைக்காமலே கூட்டிற்குள் சென்று கட்டையில் வரிசையாக ஏறி அமர்ந்துகொள்ளும். பிள்ளைகளில் ஒருவர் அவற்றை எண்ணிப் பார்த்து, நரி நுழையாதபடி கதவைச் சாத்துவார். மற்றொருவர் கீழே போய் மிதவையின் எண்ணைப் படித்துக்கொண்டு வருவார். அதைக் கேட்ட பின்பே அன்று இரவு எந்த விளக்கு என்று வீட்டில் பேசுவர்.